கரி உலைக்குப் பழைய கைப்பிடி புளோயர்: ஏற்காட்டில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

உலைக்குக் காற்று ஊதுகிற விசிறிப் பெட்டிதான் புளோயர், என்னுடையது உள்ளே கியர் வைத்துக் கையால் சுற்றுவது. கரண்டு புளோயர் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது எதற்காக இந்தப் பழைய கைப்பிடிச் சனியனைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. மரக்கரியில், தனி ஆளாக, கத்தி அரிவாள் மாதிரி சின்ன வேலை செய்கிறவருக்கு இதைவிடத் தோதான சாமான் இல்லை என்பது என் கட்சி. ஆனால் கியர் செத்த ஒன்றை வாங்கிவிட்டால் அதைப்போல ஒரு தொல்லையும் கிடையாது.

ஏற்காட்டில் எஸ்டேட்காரர்களுக்குக் கவாத்துக் கத்தி, கொடுவாள், களைக்கொத்து அடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. மழைக்காலத்தில் ஒரு சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தால் போதும், கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முதலில் அதற்காகத்தான் கைப்பிடிக்கு மாறினேன். இப்போது கரண்டு இருந்தாலும் இதைத்தான் சுற்றுகிறேன், காரணம் கரி. மரக்கரிக்குக் கொஞ்சம் காற்று போதும். கரண்டு புளோயரோ நீங்கள் இரும்பைப் பட்டடையில் வைத்து அடித்துக்கொண்டிருக்கும்போதும் சும்மா ஊதிக்கொண்டே இருக்கும், மூட்டைக்கரி கண் முன்னால் சாம்பலாகும். பணம் போனால் கூடப் பரவாயில்லை, லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தியின் நுனியை ஒரு நிமிடம் கவனிக்காமல் விட்டால் மத்தாப்பு மாதிரி பொறி விட்டு எரிந்துபோகும். கைப்பிடியில் அந்தப் பேச்சே இல்லை, கையை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் காற்று அடங்கிவிடும். சேலத்துப் பக்கம் கஞ்சமலையின் இரும்புக் கல்லை உருக்கிய அந்தக் காலத்து ஆட்கள் ஆட்டுத்தோல் துருத்தியை வைத்துக்கொண்டே எஃகு எடுத்தார்கள், அவர்களுக்கும் காற்று கைக்கணக்குதான்.

சரி, எதை வாங்குவது? யூடியூப் பார்த்துவிட்டு எல்லோரும் சாம்பியன் 400 கேட்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா லான்காஸ்டரில் செய்தது, அருமையான மிஷின், சத்தமே வராது, மறுக்கவில்லை. பஃபலோ ஃபோர்ஜும் அப்படித்தான். நம் பக்கம் அதெல்லாம் எங்கே கிடைக்கிறது? வெள்ளைக்காரன் காலத்து எஸ்டேட் ஷெட்டுகளில் ஏதாவது பர்மிங்காம் ஆல்டேஸ் அண்ட் ஆனியன்ஸ் கம்பெனிப் புளோயர் கிடந்தால் உங்கள் அதிர்ஷ்டம். மற்றபடி சேலத்தில் பழைய இரும்புக் கடைகளில் பெயர் தேய்ந்துபோன வார்ப்பிரும்புப் புளோயர்தான் கிடைக்கும். அதனால் பெயரைத் தேடி அலைய வேண்டாம், கியரைப் பாருங்கள்.

என்னுடையது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் கிடைத்தது. மேலே புதுசாகப் பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள், எனக்குப் பெயிண்ட் அடித்த பழைய சாமானைக் கண்டாலே சந்தேகம்தான். கூட வந்த வயதான ஆசாரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேகமாச் சுத்திட்டுக் கைய விடுங்க தம்பி, மத்தத அதுவே சொல்லும்" என்றார். நல்ல புளோயர் கையை விட்ட பிறகும் தானாகக் கொஞ்சம் ஓடி, மெதுவாக நிற்கும். டக்கென்று நின்றால் உள்ளே எண்ணெய் கெட்டியாகியிருக்கும், அல்லது விசிறி எங்கேயோ உரசுகிறது. எண்ணெய்க் கோளாறு என்றால் கழுவினால் சரியாகிவிடும், பயப்பட வேண்டியதில்லை. கரகரவென்று அரைக்கிற சத்தம் வந்தால் மட்டும் விலை கேட்காமல் நகர்ந்துவிடுங்கள்.

அடுத்த சோதனைதான் முக்கியம். கைப்பிடியை ஒரு கையால் அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காற்று இழுக்கிற ஓட்டை வழியாக விரலை விட்டு விசிறியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். ஆனால் விசிறி தாராளமாகச் சுற்றிக்கொண்டே போனால் உள்ளே பல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், ஏனென்றால் கைப்பிடிப் பக்கத்தில் உள்ள சின்னத் தேய்மானம் கூட விசிறிக்கு வரும்போது பல மடங்கு பெருகித்தான் வரும். அப்புறம் விசிறித் தண்டை மேலும் கீழும் தூக்கிப் பார்க்கணும். அங்கே ஆட்டம் இருந்தால் தண்டைத் தாங்குகிற புஷ் வளையம் தேய்ந்திருக்கும், அதை லேத் பட்டறையில் கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் புதுசாகப் போட்டுவிடலாம், பெரிய செலவில்லை. கியர் பெட்டி வார்ப்பில் விரிசல் இருந்தால் வேண்டாம்.

முடிந்தால் கடைக்காரரிடம் கேட்டுப் பழைய எண்ணெயைக் கொஞ்சம் வெளியே எடுத்து, விரலில் தேய்த்து வெயிலில் காட்டிப் பாருங்கள். பல பழைய மாடல்களில் கடைசிக் கட்டத்தில் ஒரு வெண்கலச் சக்கரம்தான் எஃகுத் தண்டை ஓட்டும், தேய்வது வெண்கலம்தான். விரலில் தங்கப்பொடி மாதிரி மினுமினுப்பு தெரிந்தால் அந்தச் சக்கரம் கரைந்துகொண்டிருக்கிறது. சக்கரத்தை மறுபடி வெட்டித் தர சேலத்தில் ஆள் இருக்கிறார்கள், ஆனால் அந்தக் கூலியில் இன்னொரு புளோயரே வாங்கிவிடலாம்.

இறுகிப் போயிருந்தால் கைப்பிடியை முறுக்காதீர்கள், வார்ப்புப் பல் படக்கென்று உடையும். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஊறவிட்டு, நடுநடுவே லேசாக அசைத்துக் கொடுத்தால் தானாக விடும். கிரீஸ் போடவே கூடாது, நாளடைவில் மெழுகாகிவிடும். கெட்டியான 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றச் சொல்லிப் பலர் சொல்வார்கள், சமவெளியில் வேண்டுமானால் ஓடும். இங்கே மார்கழிக் காலையில் அதை ஊற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும். நான் இலகுவான மிஷின் ஆயில்தான் ஊற்றுகிறேன், அடிச் சக்கரத்தின் பல் நனைகிற அளவு போதும். அதற்கு மேல் ஊற்றினால் தண்டு வழியாக ஒழுகும். அளவாக ஊற்றினாலும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும், இவற்றில் சீல் என்று ஒன்று கிடையாது. கீழே ஒரு டப்பா வைத்துவிடுங்கள்.

இத்தனை காலம் ஓட்டியதில் எனக்குப் பிடிக்காத விஷயமும் உண்டு. என்னுடையதில் ராட்செட் இல்லை. அதாவது கையை எடுத்தாலும் விசிறியோடு சேர்ந்து கைப்பிடியும் சுற்றிக்கொண்டே இருக்கும், குறடை எடுக்கத் திரும்பும்போது முழங்கையில் ஒன்று வைக்கும். ராட்செட் உள்ளது கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்கிவிடுங்கள். ஸ்டாண்டு உயரமும் உங்களுக்கு ஏற்றபடி இருக்கணும், குனிந்து சுற்றினால் மத்தியானத்துக்குள் முதுகு பேசும்.

நிலக்கரி போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காற்று நின்றதும் கரி வாயு குழாய் வழியாகப் பின்னால் ஏறி புளோயருக்குள் தங்கும், மறுபடி சுற்றும்போது பட்டென்று வெடிக்கும். நிறுத்துகிற நேரத்தில் உலைக்கு அடியிலுள்ள சாம்பல் மூடியைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் நடுநடுவே இரண்டு சுற்றாவது சுற்றிக்கொண்டே இருங்கள். மரக்கரியில் எனக்கு இதுவரை அப்படி ஆனதில்லை.

கோக், அதாவது நிலக்கரியைச் சுட்டு எடுத்த கரி, எரிப்பவர்களுக்கு இது சரிப்படாது, காற்று நின்றால் கோக் அணைந்துவிடும். கடப்பாரை, ஏர்க்கொழு மாதிரி கனமான சாமானை நாள் முழுக்க அடிப்பவர்களும் சுற்றுவதற்கு ஒரு ஆள் வைக்க முடியாவிட்டால் கரண்டு புளோயரே வாங்குங்கள், குழாயில் காற்றைக் குறைக்க ஒரு தகட்டு அடைப்பு மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.