யாழ் டவுண் பழங்காசுக் கடை: சேர்க்கத் தொடங்கிற ஆக்கள் ஒருக்கா போய்ப் பாருங்கோ

கஸ்தூரியார் வீதிப் பக்கம் நகைக்கடையளுக்கு இடையில ஒரு சின்னக் கடை இருக்கு, போர்ட் ஒண்டும் இல்லை, முன்னால மணிக்கூடு திருத்துற மேசை, பின்னால கண்ணாடி அலுமாரி நிறையப் பழைய குத்தியளும் தாள்காசும். கன சனம் மணிக்கூட்டுக் கடை எண்டு நினைச்சு அப்பிடியே தாண்டிப் போயிடும். பழங்காசில கொஞ்சமெண்டாலும் விருப்பம் இருக்கிற ஆக்கள் தாண்டிப் போகக்கூடாது, அதுக்குத்தான் இதை எழுதிறன்.

எனக்கு அங்க பிடிச்சதே மேசைக்குக் கீழ இருக்கிற பிஸ்கட் டின். அதுக்குள்ள கலந்து கட்டின சில்லறை, நீங்களே கிளறி எடுக்கலாம், ஒண்டு ஐம்பது நூறு ரூபாய்க்குள்ளதான் வரும். சதுரமான அஞ்சு சதம், ஓரம் பூ மாதிரி வளைஞ்ச ரெண்டு சதம், 1963க்குப் பிறகு வந்த இலேசான அலுமினியச் சதம் எல்லாம் அதுக்குள்ள கிடக்கும். என்ர மகன் அதில இருந்துதான் தொடங்கினவன், இப்ப ரெண்டு பேருமா அல்பம் சேர்க்கிறம்.

கடைக்கார ஐயா ஒண்டும் வாங்கச் சொல்லி அரிக்கமாட்டார், கேட்டால் காட்டுவார். ஒருநாள் மகன்ர ஒரு கையில 1937ம் ஆண்டு ஒரு சதத்தையும் மற்றக் கையில 1942 சதத்தையும் வச்சு "தம்பி, கண்ணை மூடிக்கொண்டு சொல்லு பாப்பம், எது பாரம்?" எண்டு கேட்டார். ரெண்டும் பாக்க ஒரே அகலம், ஆனா 1942இல அடிச்சது கிட்டத்தட்ட அரைவாசி எடைதான், மெல்லிசாத் தட்டையா இருக்கும். உலக யுத்தம் நடந்த நேரம், உலோகத்தை மிச்சம் பிடிக்கவேண்டி வந்திட்டுது. அடுத்த வருசம் 1943இல இருபத்தஞ்சு சதம், ஐம்பது சதத்தில இருந்த வெள்ளியையும் எடுத்துப்போட்டு மஞ்சள் உலோகத்தில அடிச்சவங்கள். யுத்தம் எண்டால் என்ன எண்டு பொடியனுக்குப் புத்தகத்தில படிப்பிக்கிறதை விட அந்த ரெண்டு சதம் வடிவா விளங்கப்படுத்திச்சுது. பழங்காசு சேர்க்கிறதில இருக்கிற சந்தோசமே இதுதான் எண்டு நான் நினைக்கிறன், பெரிய சரித்திரம் எல்லாம் ஆரோ ஒரு சனத்தின்ர மடியில கிடந்து, சந்தையில மீன் வாங்கி, உண்டியலுக்குள்ள விழுந்து, தேஞ்சு தேஞ்சு இப்ப எங்கட உள்ளங்கைக்கு வந்திருக்கு.

வெள்ளிக் காசு வேணுமெண்டால் இங்கதான் நம்பி வாங்கலாம். தராசில போட்டுக் காட்டுவார், லென்ஸும் கையில தருவார். இலங்கை ஐம்பது சதம் 1917 வரைக்கும் நூற்றுக்கு எண்பது வெள்ளி, 1919இல இருந்து ஐம்பத்தஞ்சுதான், இதை வாங்கிற ஆளுக்குத் தானாவே சொல்லிற கடைக்காரரை நான் வேற எங்கயும் காணேல்லை. அம்மம்மாமாரின்ர பெட்டகத்துக்குள்ள விக்ரோறியா ராணி தலை போட்ட இந்திய ரூபாய் கிடந்தால் அதிசயப்படாதேங்கோ, அந்தக் காலத்தில இலங்கை அரசாங்கம் சதங்கள்தான் அடிச்சது, ஒரு ரூபாய்க் குத்தி இந்திய ரூபாய்தான் இங்கயும் ஓடினது. நல்ல ரூபாய் 11.66 கிராம் நிக்கும், இதைத் தெரிஞ்சு வச்சிருந்தால் கள்ளக் காசைக் கொஞ்சமாவது பிடிக்கலாம். ஆனா தயவுசெய்து அதுகளை உருக்கக் குடுத்திடாதேங்கோ. எத்தினை வீட்டுக் காசு அப்பிடிக் கொலுசாவும் அரைஞாணாவும் போட்டுது, நினைக்கவே வயிறு எரியுது. ஐயா உருக்கு விலையை விடக் கூட்டித்தான் எடுக்கிறார், காரணம் அவருக்கு அதில இருக்கிற ஆண்டு முக்கியம்.

சேதுக் காசுக்கு வருவம். முந்தி யாழ்ப்பாண அரசை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசு, ஒரு பக்கம் நிக்கிற உருவம், மற்றப் பக்கம் படுத்திருக்கிற நந்தி, கீழ தமிழில 'சேது' எண்டு இருக்கும். முந்தி இதை ராமநாதபுரத்துச் சேதுபதிகளின்ர காசு எண்டு சொன்னவையும் இருக்கினம், யாழ்ப்பாணச் சரித்திரம் எழுதின முதலியார் இராசநாயகம் போன்றவை எழுதினாப் பிறகுதான் எங்கட அரசின்ர காசு எண்டு நிலைச்சுது. 1619இல போர்த்துக்கேயர் பிடிச்சதோட அந்த அரசே முடிஞ்சுது, அரண்மனை எண்டு காட்டக் கூட நல்லூரில பெரிசா ஒண்டும் மிஞ்சேல்லை, ஆனா இந்தச் செப்புக்காசு இப்பவும் கையில எடுத்துப் பாக்கலாம், எழுத்துக் கூட்டி வாசிக்கலாம். முதல்முதல் அந்த ரெண்டு எழுத்தையும் லென்ஸுக்குள்ளால வாசிச்சபோது எனக்குத் தொண்டை அடைச்சிட்டுது. இதின்ர விலை ஆயிரக்கணக்கில போகும், வார்ப்பில செய்த போலியும் ஓடுது, அதால ஓரத்தில கோடு மாதிரி ஒட்டு இருக்கோ எண்டு பாத்துத்தான் எடுக்கவேணும், ஐயா தன்னட்ட இருக்கிற ஒரு போலியையும் பக்கத்தில வச்சு வித்தியாசம் காட்டுவார். கைக்காசு குறைவெண்டால் ராசராச சோழன்ர செப்புக்காசில தொடங்குங்கோ, அது கனக்கக் கிடைக்கிறதால விலை மலிவு.

கிணறு வெட்டேக்க, அத்திவாரம் கிண்டேக்க வந்தது எண்டு மண்ணோட கொண்டுபோனால் அவர் தொடவே மாட்டார். 1940ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கு, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கோ எண்டு அனுப்பிவிடுவார். வெளிநாட்டில இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வாற எங்கட ஆக்களும் இதைக் கவனிக்கவேணும், பழங்காலத்துக் காசை அனுமதி இல்லாமல் பையுக்குள்ள போட்டுக்கொண்டு பிளேன் ஏறேலாது.

குறையும் சொல்லத்தான் வேணும். கடைக்குள்ள வெளிச்சம் போதாது, ஒரு ரியூப் லைட் மட்டும்தான், சதத்தில ஆண்டு வாசிக்க வாசலுக்கு வரவேண்டிக் கிடக்கு. காட் எடுக்கமாட்டார், காசுதான். அவர் விக்கிற அல்பம் எனக்குத் திருப்தி இல்லை, மணக்கிற மெத்தென்ற பிளாஸ்ரிக் தாள், அந்தப் பீவீசி பிளாஸ்ரிக்கில கன காலம் கிடந்தால் செப்புக்காசில பச்சையா ஒட்டுப் பிடிக்கும். காசை அங்க வாங்குங்கோ, அல்பம் வேண்டாம். நடுவில மைலார் எண்ட தெளிவான பிளாஸ்ரிக் வட்டம் வச்ச மட்டை உறையள் கொழும்பில எடுக்கலாம், அதுதான் பாதுகாப்பு.

இன்னொண்டு, வாங்கிக்கொண்டு வீட்டை போய்ப் பழப்புளி, தேசிக்காய், பிராசோ பொலிஷ் போட்டு மினுக்கிறவை இருக்கினம். செய்யாதேங்கோ. அந்தக் கறுப்பும் செங்கபிலமும் வர நூறு வருசம் எடுத்திருக்கு, ஒருக்கா தேய்ச்சால் திருப்பி வராது, விலையும் பாதியாப் போயிடும். ஓரத்தில ரெண்டு விரலால பிடிச்சுப் பாக்கப் பழகினால் போதும்.

ஒன்லைன்ல 'அபூர்வம்' எண்டு போட்டு 1978 ஒரு ரூபாய்க்கு ஆயிரக்கணக்கில கேக்கிறவையை நம்பி ஏமாறாமல் முதல்ல இங்க வந்து விலை கேட்டுப் பாருங்கோ, அதே குத்தி அந்த டின்னுக்குள்ளயே கிடக்கும். 2013இல மாவட்டத்துக்கு ஒண்டா இருபத்தஞ்சு வகையா வந்த பத்து ரூபாய்க் குத்தியளும் தனித்தனியா எடுக்கலாம், பிள்ளையளுக்குப் பிறந்தநாளுக்குக் குடுக்க நல்ல சாமான்.

மத்தியானம் ஒரு மணிக்கு அடைச்சு மூண்டுக்குப் பிறகுதான் திறப்பார், ஞாயிறு பூட்டு. காலமை ஒன்பதரைக்குப் போனால் ஆள் குறைவு, ஆறுதலா இருந்து கிளறலாம்.