புது ரூட்டர் மாட்டினால் நெட் வேகம் கூடுமா? நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் வீட்டு இணைப்பு 200 எம்பிபிஎஸ். பழைய ரூட்டர் இருந்தவரை வேகச் சோதனையில் 94ஐத் தாண்டி ஒருநாளும் காட்டியதில்லை. அதே எண்ணில் போய் நின்றதுதான் துப்பு. வைஃபை சிக்னல் காரணமாக இருந்திருந்தால் வேகம் இடத்துக்கு இடம் ஏறி இறங்கியிருக்கும். வெளியிலிருந்து வரும் இணையக் கேபிளைச் செருகும் வேன் (WAN) போர்ட்டே அந்த ரூட்டரில் 100 எம்பிபிஎஸ் வகை. தரவோடு சேர்ந்து போகும் முகவரி முதலிய சுமைகள் போகக் கையில் மிஞ்சுவது 94, 95தான். அந்த ரூட்டர் பெட்டியில் ‘1200’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண் அது. போர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டும் வைஃபை 6 என்ற புதிய தலைமுறை வைஃபையும் உள்ள ரூட்டர் வந்த அன்றே 200 முழுதாகக் கிடைத்தது. ஆனால் ரூட்டரை மாற்றியும் 94லேயே நிற்கிறது என்றால் கேபிளைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் தேவை. ஒன்று அறுந்திருந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடலாம். வாங்குவதற்கு முன் நான் செய்த ஒரே சோதனை, லேப்டாப்பை நேராக ஃபைபர் மோடத்தில் கேபிளால் செருகிப் பார்த்தது. அங்கே 200 வந்தது; ஆகவே தடை ரூட்டரில் என்று தெரிந்தது. அங்கேயே வேகம் குறைவாக இருந்திருந்தால், எவ்வளவு நல்ல ரூட்டர் வாங்கியும் பயன் இருந்திருக்காது.

வேகம் இரட்டிப்பானது சந்தோஷம்தான். ஆனால் இத்தனை மாதப் பயன்பாட்டில் நான் உண்மையில் உணர்ந்த மாற்றம் வேறு. முன்பெல்லாம் யாராவது ஒருவரின் போன் போட்டோக்களை கிளவுடில் ஏற்றத் தொடங்கினால், பக்கத்து அறையில் ஓடும் வீடியோ கால் திக்கித் திணறும். இது வேகக் குறைவு இல்லை, வரிசை நெரிசல். அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகளை, அதாவது தரவின் சிறு துண்டுகளை, ரூட்டரும் மோடமும் பெரிய தற்காலிக நினைவகத்தில் அடுக்கி வைத்துக்கொள்கின்றன. ஐம்பது பேருக்கு டிக்கெட் எடுப்பவர் கவுண்டரில் முதலில் நின்றுவிட்டால், ஒற்றை டிக்கெட்காரர் பின்னால் காத்துக் கிடக்க வேண்டியதுதானே! இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். வேகச் சோதனையின் பெரிய எண்ணைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பெரிய கோப்பு ஒன்றை அப்லோடு செய்துகொண்டே பிங், அதாவது ஒரு சிறு செய்தி போய்த் திரும்பிவர ஆகும் நேரம், பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் சும்மா இருக்கும்போது 10 மில்லிசெகண்ட் அளவில் இருந்த பிங், அப்லோடு ஓடும்போது 300ஐத் தாண்டியது.

இந்த நெரிசலைத் தீர்க்க வழிமுறைகள் இருக்கின்றன. 2012ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் என்ற வழிமுறையிலிருந்து வளர்ந்தவைதான் எஃப்க்யூ கோடெல், கேக் போன்றவை. ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற திறமூல மென்பொருள் ஓடும் ரூட்டர்களில் எஸ்கியூஎம் (SQM) என்ற வரிசை மேலாண்மை அமைப்பில் இவை கிடைக்கும். இதற்காகவே அப்படி ஒரு ரூட்டரைத் தேடி வாங்கினேன். நம் இணைப்பின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வரம்பு வைக்க வேண்டும். நான் 200க்கு 180 என்று வைத்திருக்கிறேன், அப்லோடுக்கும் அதே விகிதம். அப்போதுதான் வரிசை மோடத்தில் தேங்காமல் ரூட்டரின் கட்டுப்பாட்டில் நிற்கும். இப்போது அப்லோடு ஓடினாலும் பிங் 30ஐத் தாண்டுவது அபூர்வம். 20 எம்பிபிஎஸ் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை; வீடியோ கால் தடங்கலில்லாமல் ஓடுவதை எல்லாரும் கவனித்தார்கள். ஒன்று மட்டும்: இந்த வேலையைச் செய்வது ரூட்டரின் செயலி. மலிவான ரூட்டர்களில் இதை இயக்கினால் மொத்த வேகமே படுத்துவிடும். ஆன்டெனாக்களை எண்ணாமல் செயலியைப் பார்த்து வாங்குங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

மாறாதவையும் உண்டு. ரூட்டரை மாற்றியும் கடைசி அறையில் சிக்னல் பலவீனமாகவே இருந்தது. ரூட்டர் எவ்வளவு சக்தியோடு அலையை வெளியிடலாம் என்பதற்குச் சட்டப்படி உச்சவரம்பு இருக்கிறது. அதோடு, போன் திருப்பி அனுப்பும் அலை ரூட்டரைவிட வலு குறைந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவர் என்றால் ஆகாது. ரூட்டரை டிவி அலமாரிக்குள்ளிருந்து எடுத்து வீட்டின் நடுவே உயரத்தில் வைத்ததும் அந்த அறையில் கிடைத்த முன்னேற்றம், ரூட்டரை மாற்றியதால் கிடைத்ததைவிட அதிகம். இதற்குச் செலவே இல்லை, ஆகவே இதைத்தான் முதலில் செய்து பார்க்க வேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் பழைய லேப்டாப்புக்கும் ஒரு மாற்றமும் இல்லை. வைஃபை 6ன் பலன் கிடைக்க எதிர்முனைக் கருவியும் அந்தத் தலைமுறையாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே; அக்கம்பக்கத்து ரூட்டர்களும் அதே மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்கின்றன. இரவு நேரத்தில் சில தளங்கள் மந்தமாவதும் தொடர்கிறது. கேபிளில் செருகினாலும் அப்படித்தான் என்பதால் அது வீட்டு ரூட்டருக்கு வெளியே உள்ள பிரச்சினை.

பழைய ரூட்டர் சூடேறி அப்படியே உறைந்து நின்றுவிடும், அடிக்கடி அணைத்துப் போட வேண்டியிருந்தது. புதியதில் மென்பொருள் அப்டேட்டுக்காக மட்டும் ரீஸ்டார்ட் செய்கிறேன். தொடர்ந்து பாதுகாப்பு அப்டேட் வருவதே மாற்றுவதற்குப் போதுமான காரணம் என்பேன்.

மாற்றும்போது பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்தால் பெரும்பாலான கருவிகள் தாமாகவே சேர்ந்துகொள்ளும். வைஃபை பாதுகாப்பு முறையை அதன் புதிய வகையான டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தபோது பிரின்டர் சேர மறுத்தது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றியதும் சேர்ந்துவிட்டது.