உடலா, இடமா: சந்தேக மரணத்தில் எதை நம்புவது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் ஒரு சாவில் ஐயம் எழுந்தால் உறவினர் இரு கட்சியாகிவிடுகிறார்கள். பிரேதப் பரிசோதனையே போதும் என்பவர்கள் ஒருபுறம், இறந்து கிடந்த இடத்தைப் பாருங்கள் என்பவர்கள் மறுபுறம்.

எதைச் சொல்லும்?
உடல்: மரணத்தின் காரணத்தை. தற்கொலையா என்பதை அது மட்டுமே பல வேளைகளில் தீர்க்காது. ஆனால் முன்கையில் தற்காப்புக் காயம் இருந்தால் கேள்வி எழும். இறந்தபின் தேங்கும் இரத்தத்தின் நீலம் ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரத்தில் நிலைத்துவிடும். கிடந்த நிலைக்கு அது பொருந்தாவிட்டால், உடல் நகர்த்தப்பட்டிருக்கலாம்.
இடம்: தாழ்ப்பாள், காலடி, கைப்பேசி. தற்கொலைக் கடிதம் கிடைத்தால் இறந்தவரின் பழைய கணக்கு நோட்டின் கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும். வீட்டார் அடையாளம் சொன்னால் போதாது.

எவ்வளவு தாங்கும்?
உடல்: உள்ளுறுப்பு மாதிரிகள் பத்திரமாக இருக்கும், இரசாயன அறிக்கைதான் மாதக்கணக்கில் இழுக்கும்.
இடம்: தென்மேற்குப் பருவமழைக்கு ஓர் இரவு போதும். அதற்கு முன்பே துக்கம் கேட்க வந்தவர்கள் மிதித்துவிடுவார்கள்!

எதனால் இறந்தார் என்று மட்டும் அறிய உடற்கூறாய்வு போதும். பிறர் கை உண்டா என்று கேட்பவர்கள் முதல் நாளே இடத்தைப் பூட்டச் சொல்ல வேண்டும். மணமாகி 7 ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால், நிர்வாக நடுவர் (கோட்டாட்சியர் போன்ற வருவாய் அதிகாரி) விசாரணையையும் கேளுங்கள்.