14416-க்கு அழைத்தேன்: அழுகையே வராதவனுக்கும் அது டிப்ரஷன்தான்

2022 அக்டோபரில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மனநல சேவை இது. ஒன்றிய அரசின் டெலி மானஸ் திட்டத்துக்கும் இதே எண்தான். 24 மணி நேரமும் பேசலாம், காசு கிடையாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறவர்களுக்கான எண் என்று நினைத்துக்கொண்டு நாலு மாதம் தள்ளிப்போட்டேன், அது என் தப்பு.

எனக்கு அழுகை வரவில்லை, துக்கமும் இல்லை, வேலைக்கு ஒழுங்காகப் போய் வந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் வஞ்சிரம் குழம்பு கொதித்தால் தெருமுனையிலேயே மோப்பம் பிடிக்கிறவன், சக்கையைத் தின்பது மாதிரி தின்றுவிட்டு எழுந்துகொண்டிருந்தேன். கிரிக்கெட் ஓடும், யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் தெரியாது. ஒரு டாக்டரிடம் போனேன், சத்துக்குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார். அப்புறம் ஒருநாள் என் மகள், பல நாளாக ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்துவிட்டதென்று, ஓரத்தில் ரத்தம்கூடக் காயாத அந்தப் பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். “அப்பா, கூரை மேல போடலாமா?” “சரி, அங்க வை” என்றேன். அவள் கையை மூடிக்கொண்டு போய்விட்டாள். அன்று ராத்திரிதான் மொட்டைமாடியில் நின்று அழைத்தேன்.

எடுத்தவர் ஒரு பெண், நல்ல தமிழ். ‘சோகமா இருக்கீங்களா’ என்று ஆரம்பிக்கவில்லை. “முன்னாடி உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது? போன ரெண்டு வாரத்துல அது எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லவே வரவில்லை. அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். மனச்சோர்வுக்கு இரண்டு முக்கிய அறிகுறிகள் உண்டாம்: ஒன்று மனம் வாடிக் கிடப்பது, மற்றது எதிலும் நாட்டமோ சுகமோ இல்லாமல் போவது. இரண்டில் ஏதாவது ஒன்று இருந்து, கூடவே தூக்கம், பசி, அசதி மாதிரி வேறு சிலதும் சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். இந்த இரண்டாவதற்கு அன்ஹெடோனியா என்று பெயர். பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1896-லேயே வைத்த பெயர் என்று பிறகு படித்தேன். நான் என்னவோ கல்நெஞ்சக்காரனாகிவிட்டேன் என்றல்லவா பயந்துகொண்டிருந்தேன்!

போனிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். என்னை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள், போனேன். அங்கே தைராய்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்பதையும் சொல்லியே கொடுத்தார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: ஆசை வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதே, சின்னதாக ஒன்றைச் செய், செய்த பிறகு எவ்வளவு பிடித்தது என்று 10-க்கு மார்க் போட்டு நோட்டில் எழுது. முதல் வாரம் முழுக்க 0, 1, 0. எரிச்சலாக இருந்தது, ஆனாலும் எழுதினேன்.

சேவைக்கு என் மார்க் 5-க்கு 5. வீட்டில் யாராவது அழாமல், சண்டை போடாமல், பிடித்ததை மட்டும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தால், சோம்பேறித்தனம் என்று திட்டாமல் இந்த எண்ணைக் கொடுங்கள். பேசும்போது தனியாக ஓர் இடம் இருந்தால் நல்லது.

போன வாரம் மகளுக்கு அடுத்த பல் விழுந்தது. வாசலில் நின்று இரண்டு பேரும் மாடியைப் பார்த்து எறிந்தோம். முதல் தடவை சன்ஷேடில் பட்டுத் திரும்பி வந்து, டார்ச் அடித்துத் தேடி எடுத்து மறுபடியும் எறிந்தோம். நோட்டில் 4 போட்டேன்.