சென்னையில் காம்படிஷன் நீச்சல் கிளப்: கேலரியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

கோடை முகாம் முடியும் வாரத்தில் பல பெற்றோர் காதில் இந்தப் பேச்சு விழும்: "பையனுக்கு ஸ்ட்ரோக் நல்லா வருது சார், காம்படிஷன் பேட்ச்ல போட்டுடுங்க." சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் வேறு வேறு சேவை. முகாம் சில வாரங்களில் முடியும். பிள்ளை பயமில்லாமல் 25 மீட்டர் கடந்துவிட்டால் கொடுத்த பணம் வசூல். காம்படிஷன் பேட்ச் வாரத்துக்கு ஐந்தாறு நாள், விடிகாலை ஐந்தரைக்கு, மழையிலும் பரீட்சையிலும், நான்கைந்து வருஷமாவது ஓட வேண்டியது. சென்னையில் இதை நடத்தும் கிளப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் வாசலில் தொங்கும் பிளெக்ஸில் தெரியாது. குளத்தங்கரையில் தெரியும்.

சேருமுன் ஒருநாள் பயிற்சியை முழுசாக உட்கார்ந்து பாருங்கள். நடுக்குளத்தில் நீந்துவதை விட்டுவிட்டு, சுவரைப் பாருங்கள். நல்ல கிளப்பில் பத்து வயதுப் பிள்ளை பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் வந்து இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடும். முழங்கால் வயிற்றோடு ஒடுங்கும். ஒரு கை தண்ணீருக்குள் பின்னால் போக, மற்றது தலைக்கு மேலே போகும். அடுத்த நொடி இரண்டு கையும் காதோடு ஒட்ட, சுவரை உதைத்துக்கொண்டு அம்பு மாதிரி போய், மேலே கொடிக்கயிறு தொங்கும் 5 மீட்டர் இடத்தைத் தாண்டித்தான் தலை வெளியே வரும். சுமாரான கிளப்பில் அதே வயதுப் பிள்ளை ஒரு கையால் சுவரைப் பிடித்து, தலையைத் தூக்கி மூச்சு வாங்கி, காகிள்ஸைச் சரிசெய்துகொண்டு மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

25 மீட்டர் குளத்தில் 2,500 மீட்டர் நீந்தினால் கிட்டத்தட்ட நூறு முறை சுவருக்கு வர வேண்டும். நூறு முறையும் தப்பாகத் தொட்டுப் பழகிய கை, போட்டி அன்றைக்கு மட்டும் சரியாகத் தொடாது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் ஒற்றைக் கையால் தொட்டால் டிஸ்குவாலிஃபை. சின்னப் பிள்ளைகள் அழுதுகொண்டு கரையேறுவதற்கு இதுதான் வழக்கமான காரணம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஸ்டார்ட்டுக்கும் ஒவ்வொரு டர்னுக்கும் (சுவரில் திரும்புவதற்கும்) பிறகு ஒரே ஒரு டால்ஃபின் கிக்தான் (இரண்டு காலையும் சேர்த்து மேலும் கீழும் அடிப்பது) அனுமதி. இரண்டாவது அடித்தால் அதோடு போச்சு. மற்ற மூன்று ஸ்ட்ரோக்கிலும் (ஃப்ரீஸ்டைல், பேக் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை) சுவரிலிருந்து 15 மீட்டருக்குள் தலை தண்ணீருக்கு மேலே வந்தாக வேண்டும். இதையெல்லாம் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள். ஒரு வருஷம் அந்த கிளப்பில் நீந்திய பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால், அங்கே யாரும் சொல்லித்தரவில்லை என்று அர்த்தம்.

குளத்தைப் பற்றி. சென்னையில் போட்டி நீச்சல் என்றாலே வேளச்சேரி நீச்சல் வளாகம்தான். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில் இருக்கிறது. 50 மீட்டர் குளம், டைவிங்குக்குத் தனிக் குளம். இங்கே லேன் கிடைக்கும் கிளப்பில் சேர்வதில் ஒரு தெளிவான லாபம் உண்டு: ஜூனியர் நேஷனல்ஸ் நடப்பது 50 மீட்டர் குளத்தில். 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்கு மூன்று டர்ன் கிடைக்கும், ஒவ்வொரு டர்னிலும் சுவர் ஒரு தள்ளு கொடுக்கும். 50 மீட்டரில் ஒரே டர்ன். சின்னக் குளத்தில் 1:15 போடும் பிள்ளை பெரிய குளத்தில் இரண்டு மூன்று விநாடி கூடுதலாகத்தான் போடும். தெரியாத பெற்றோர் "டைமிங் கூடிடுச்சே" என்று கோச்சைக் கோபிப்பார்கள். கேட்க வேண்டியது இதைத்தான்: வாரத்தில் எத்தனை நாள் 50 மீட்டர், அதில் ஒரு லேனில் எத்தனை பேர்? ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பும் முறையில், 25 மீட்டர் லேனில் ஆறு பேருக்கு மேல் போனால் முன்னால் போகிறவன் காலைத் தொட்டுக்கொண்டுதான் நீந்த முடியும். எட்டுப் பேர் நிற்கும் லேனுக்கு முழுக் கட்டணம் கொடுப்பது வீண்.

பள்ளி, தனியார் வளாகங்களில் உள்ள 25 மீட்டர் குளங்கள் ஆரம்ப வருஷங்களுக்குப் போதும், சொல்லப்போனால் நல்லதும்கூட. டர்ன் அதிகம் பழகும். ஒரு நிபந்தனை: ஆழம். ஸ்டார்ட்டிங் பிளாக் இருக்கும் முனையில், சுவரிலிருந்து 1 மீட்டர் தொடங்கி 6 மீட்டர் வரை குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது சர்வதேச விதி. இடுப்பளவு தண்ணீர் இருக்கும் முனையில் பிளாக் வைத்துச் சின்னப் பிள்ளைகளை டைவ் அடிக்க விடும் கிளப்பைப் பார்த்தால், மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அடிபடுவது கழுத்தெலும்பு. அபார்ட்மென்ட் குளத்தில் நடக்கும் 'காம்படிஷன் கோச்சிங்' பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதினைந்து மீட்டரில் ஸ்ட்ரோக் திருத்தலாம், போட்டிக்குத் தயார்செய்ய முடியாது.

பெரிய குளம் இருந்தால்தான் ஆள் உருவாகும் என்றும் இல்லை. ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் 'ஏ' நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் சஜன் பிரகாஷ் (2021 ஜூன், ரோம், 200 மீட்டர் பட்டர்ஃபிளை, 1:56.38) நீந்தத் தொடங்கியது நெய்வேலியில், என்.எல்.சி. டவுன்ஷிப் குளத்தில். வீட்டுக்குப் பக்கத்தில் குளம், தினமும் போகும் வசதி. தாம்பரத்திலிருந்து அண்ணா நகருக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகத் திட்டமிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள். காலையில் ஒருவழி நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆனால் தூக்கம் போகும், அடுத்துப் பள்ளி போகும், கடைசியில் நீச்சல் போகும்.

அடுத்து கோச். பலகையில் பெயர் இருப்பவரும் உங்கள் பிள்ளையின் லேன் தலைமாட்டில் நிற்பவரும் ஒரே ஆளா என்று பாருங்கள். பெரிய கிளப்புகளில் தலைமை கோச் மூத்த பிள்ளைகளோடு இருப்பார். இளையவர்களைப் பார்ப்பது முன்னாள் நீச்சல்காரர்களான உதவி கோச்சுகள். அதில் தப்பில்லை. அவர் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் (என்.ஐ.எஸ்.) கோச்சிங் படித்தவரா, முதலுதவியும் சி.பி.ஆரும் தெரியுமா, கோச் தவிர தனி லைஃப்கார்டு உண்டா என்பதைக் கேளுங்கள்.

கோச் கையில் அன்றைய செட் (அன்று நீந்த வேண்டியதன் பட்டியல்) எழுதிய தாளோ பலகையோ இருக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு வயதுக்கு ஒழுங்கான ஒரு காலைப் பயிற்சி இப்படி இருக்கும்: வார்ம் அப் 400 மீட்டர், ட்ரில் (ஸ்ட்ரோக்கின் ஒரு பகுதியை மட்டும் பழகுவது) எட்டு ஐம்பது, அதாவது 50 மீட்டரை எட்டு முறை, கிக் எட்டு ஐம்பது, மெயின் செட் பத்து நூறு, ஸ்பிரின்ட் நாலு இருபத்தைந்து, கடைசியில் இலகுவாக 200. மொத்தம் 2,500. மெயின் செட்டை "1:50-க்குப் போ" என்பார் கோச், அதாவது 1:50-க்கு ஒருமுறை அடுத்த நூறுக்குக் கிளம்ப வேண்டும். 1:35-இல் முடித்தால் 15 விநாடி ஓய்வு, 1:45-இல் முடித்தால் ஐந்து விநாடி. இந்த இடைவெளியை வைத்துத்தான் பயிற்சி பலமாகிறது. அதனால் சுவரில் ஓடும் பெரிய விநாடிக் கடிகாரத்தைப் பிள்ளைகள் பார்த்துத் தாங்களே கிளம்புகிறார்களா என்று கவனியுங்கள். "இருபது ரவுண்டு போடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகும் இடத்தில் தூரம் சேரும், வேகம் சேராது.

தூரத்தைப் பெருமையாகச் சொல்லும் கிளப்பிலும் எச்சரிக்கை வேண்டும். எட்டு ஒன்பது வயதுக்கு வாரம் மூன்று நான்கு நாள், ஒரு மணி நேரம், 1,500 மீட்டர் போதும். பதினான்குக்கு மேல்தான் 5,000 மீட்டர் பேச்சு. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஹேண்ட் பேடில் (உள்ளங்கையில் மாட்டும் பிளாஸ்டிக் தட்டு) வாங்கச் சொன்னால் கேள்வி கேளுங்கள். பேடில் தோளின் மேல் சுமையைக் கூட்டும். முழங்கை உயர்ந்து தண்ணீரைப் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது தோள்வலியைத்தான் கொண்டுவரும். முழங்காலின் உள்பக்கம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் பெரும்பாலும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கிக்கில் முழங்கால் தேவைக்கு மேல் விரிகிறது. "பழகிடும்" என்று சொல்லும் கோச் வேண்டாம். அன்றைக்கு கிக்கைக் குறைத்து, கோணத்தைத் திருத்துபவர் வேண்டும்.

சாமான் செலவு முதலில் குறைவுதான். முகத்தில் பட்டை இல்லாமல் அழுத்தினாலும் கண்ணில் சில விநாடி ஒட்டி நிற்கும் காகிள்ஸ் இரண்டு (ஒன்று அறுந்தால் அன்றைய மீட், அதாவது போட்டி, போகக் கூடாது), சிலிகான் கேப், பையனுக்கு முழங்காலுக்கு மேல் நிற்கும் ஜாமர், பெண்ணுக்கு முதுகுப் பட்டை உறுதியான ஒரே துண்டு உடை, கிக் போர்டு, புல் பாய் (தொடைக்கு நடுவில் வைக்கும் மிதவை), தண்ணீர் வடியும் துளைப் பை. பல ஆயிரம் விலை சொல்லும் ரேஸிங் உடையைப் பன்னிரண்டு வயதுக்குள் யார் வாங்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரு நல்ல டர்ன் அதைவிட அதிக நேரம் மிச்சம் பிடிக்கும்.

செலவு ஏறுவது வேறிடத்தில். சேர்க்கைக் கட்டணம், கோச் கட்டணம், குளத்துக்கான கட்டணம் என்று மூன்றும் தனித்தனியாக இருக்கலாம். மீட்டில் ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் நுழைவுக் கட்டணம். வெளியூர் மீட்டுக்கு ரயில், அறை, கோச்சின் பயணச் செலவில் பங்கு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரும் கிளப்பை நம்பலாம். குளம் பராமரிப்புக்காக மூடினால் அந்த மாதப் பணம் என்னாகும் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

பதிவு விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். கிளப் தமிழ்நாடு மாநில நீர்விளையாட்டுச் சங்கத்தில் இணைந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் மாநிலப் போட்டியில் அந்தக் கிளப் பெயரில் இறங்க முடியாது. இந்திய நீச்சல் சம்மேளனத்தின் யு.ஐ.டி. எண் (வீரருக்கான பதிவு எண்) பிள்ளைக்கு வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் தயாராக வையுங்கள். பெயரின் எழுத்து மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் விரிவாகப் பின்னால் என்று இருந்தால் கடைசி நாளில் ஓட வேண்டியிருக்கும். வயதுப் பிரிவு அந்த வருஷம் டிசம்பர் 31-ஐ வைத்து: 12 முதல் 14 வரை குரூப் 2, 15 முதல் 17 வரை குரூப் 1. டிசம்பரில் பிறந்த பிள்ளை ஜனவரியில் பிறந்தவனோடு, ஏறக்குறைய ஒரு வயது மூத்தவனோடு, ஒரே பிரிவில் நீந்தும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல் வருஷம் பதக்கம் வராததை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். பள்ளி விளையாட்டுகளும் முதலமைச்சர் கோப்பையும் சங்கப் போட்டிகளிலிருந்து தனி வழி. இரண்டின் தேதிகளையும் கிளப் ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

தண்ணீர். போட்டிக் குளத்துக்கு விதிப்படி 25 முதல் 28 டிகிரி. சென்னையின் திறந்தவெளிக் குளம் மே மாதத்தில் 30-ஐத் தாண்டும். சூடான தண்ணீரில் பிள்ளை வியர்ப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வியர்க்கும். மெயின் செட்டின் பாதியில் தலைவலி, வாந்தி என்று நிற்கும். ஒவ்வொரு லேன் முனையிலும் தண்ணீர் பாட்டில் வரிசையாக இருக்கும் கிளப் இதை அறிந்த கிளப். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாசனை சுத்தத்தின் அடையாளம் இல்லை; வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாவது அது. ஆழமான முனையில் தரையின் கறுப்புக் கோடு கூர்மையாகத் தெரிய வேண்டும். பி.எச். 7.2 முதல் 7.8, குளோரின் அளவு எழுதிய தினசரிப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழையில் இடி மின்னல் வந்தால் உடனே எல்லோரையும் கரையேற்றுகிறார்களா, அந்த நாட்களில் தரைப் பயிற்சி உண்டா என்பதும் முக்கியம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் கூர்மையாகப் பாருங்கள். உடைமாற்றும் அறைக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள், அங்கே போன் எடுத்துப் போகத் தடை, பயிற்சி நேரம் முழுக்க ஒரு பெண் கோச்சோ பெண் உதவியாளரோ. மாதவிலக்கு நாளைச் சொல்வதற்கு ஒரு பெண் இருந்தால்தான் பன்னிரண்டு வயதில் பிள்ளை நீச்சலை விடாது. கேலரியில் பெற்றோர் உட்காரவே கூடாது என்று தடைபோடும் கிளப்பில் யாரையும் சேர்க்காதீர்கள், ஆணானாலும் பெண்ணானாலும்.

எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் வருஷக் கட்டணம் கட்டாமல் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். பின்னால் கிளப் மாற நேர்ந்தால் தடையில்லாச் சான்று எப்படித் தருவார்கள் என்று சேரும் அன்றே கேட்டு வையுங்கள். கிளம்பும்போது கேட்டால் பதில் தாமதமாகும்.

முதல் வாரத்துக்குச் சில சின்ன விஷயங்கள். ஐந்தரைப் பயிற்சிக்கு முன் பாதி வாழைப்பழம், முடிந்த அரை மணிக்குள் நான்கு இட்லி அல்லது முட்டையும் பாலும். குளத்தில் இறங்குமுன் தலையை நல்ல தண்ணீரில் நனைத்துவிட்டுக் கேப் போட்டால் முடி குளோரினைக் குறைவாக இழுக்கும். கரையேறியதும் தலையைச் சாய்த்துக் காதுத் தண்ணீரை வடியவிட்டு, வெளிக்காதைத் துண்டால் ஒற்றி எடுங்கள். பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள். காது வலியோடு மூன்று நாள் போனால், பத்து நாள் தண்ணீரில் இறங்க முடியாமல் போகும்.