ஃபிளாஸ்க், சின்ன டப்பா, பை: எட்டு மாதம் தினமும் பயன்படுத்திய பிறகு

வேலை முடித்து மாலையில் ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு ஐந்து மணிப் பசி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மதியம் சாப்பிட்டது எங்கே போனதென்றே தெரியாது, இன்னும் இரண்டு வேலை பாக்கி இருக்கும், கைக்கு எட்டும் தூரத்தில் யாரோ பிரித்து வைத்த பிஸ்கட் பாக்கெட் இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் அந்த நேரத்தில் எனக்கு பிஸ்கட்டும் காபியும்தான். அதோடு போய் ஏழு மணிக்கு ஸ்குவாட் ஆரம்பித்தால் மூன்றாவது செட்டிலேயே தலை லேசாகச் சுற்றும். எட்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்து, சமைக்கத் தெம்பில்லாமல் வெளியில் ஆர்டர் செய்து, பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். உடற்பயிற்சி நடந்துகொண்டிருந்தது, சாப்பாடு மட்டும் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

இதைச் சரிசெய்யத்தான் மூன்று சாமான்கள் கொண்ட ஒரு மதிய உணவு செட் வாங்கினேன். 500 மி.லி. கொள்ளும் வாய் அகன்ற ஸ்டீல் ஃபிளாஸ்க், 300 மி.லி. அளவில் மூடி இறுகப் பொருந்தும் ஒரு சின்ன ஸ்டீல் டப்பா, இரண்டையும் போட்டுக்கொள்ள ஒரு ஜெல் பேக்குடன் கூடிய பை. பிராண்ட் பெயர் சொல்லவில்லை. இதே அமைப்பில் நிறையப் பேர் விற்கிறார்கள், நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் ஃபிளாஸ்க். இரண்டு ஸ்டீல் சுவர்கள், நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். 1892இல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி ஆய்வுக்கூடத்துக்காகச் செய்த குடுவையில் இருந்த அதே தத்துவம்தான். சுவர் வழியாகச் சூடு அவ்வளவாகப் போகாது, போவதெல்லாம் வாய் வழியாகவும் மூடி வழியாகவும்தான். அதனால் ஸ்பூன் போட்டுச் சாப்பிட வசதியாக வாயை அகலமாக்கினால், காபி ஃபிளாஸ்க் அளவுக்குச் சூடு நிற்காது. பெட்டியில் "12 மணி நேரம் சூடாக இருக்கும்" என்று போட்டிருந்தது. சூடு என்றால் எத்தனை டிகிரி என்று எங்கேயும் இல்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. ஏனென்றால் சமைத்த சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. அந்த இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும்.

சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருந்ததால் நானே அளந்து பார்த்தேன். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி 10 நிமிடம் ஃபிளாஸ்க்கைச் சூடேற்றி, அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சாப்பாட்டை விளிம்பு வரை நிரப்பி காலை 7 மணிக்கு மூடினால் மதியம் 1 மணிக்கு 66 டிகிரி. சூடேற்றாமல், பாதி மட்டும் நிரப்பினால் அதே 1 மணிக்கு 49. ஒரே ஃபிளாஸ்க், ஒரே சாப்பாடு. அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டுத்தான் "சூடே நிற்கவில்லை" என்று பலர் குறை சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். நன்றாக நிரப்பினாலும் மாலை 5 மணிக்கு 56க்கு இறங்கிவிட்டது. நாக்குக்கு அது சூடுதான், ஆனால் பாதுகாப்பான சூடு இல்லை. ஆகவே மதியச் சாப்பாட்டுக்கு இது அருமையான சாமான். அதிலேயே மீதம் வைத்து மாலையில் சாப்பிடலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். சோறு வைத்தால் இன்னும் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேக வைத்தாலும் சாவதில்லை, வெதுவெதுப்பில் கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது.

உள்ளே என்ன வைக்கலாம் என்பதையும் போகப் போகத்தான் கற்றுக்கொண்டேன். மூடிய பிறகும் ஃபிளாஸ்க்குக்குள் சாப்பாடு வெந்துகொண்டே இருக்கும். அதனால் பாஸ்தாவும் பச்சைக் காய்கறிகளும் ஒரு மணிக்குள் குழைந்து நிறம் செத்துவிடும். கொஞ்சம் வேகாமல் எடுத்து வைத்தால் பாஸ்தா சரியாக வரும், காய்க்கு அதுவும் உதவவில்லை, காயைப் பச்சையாகத் தனியே எடுத்துப் போகிறேன். கொண்டைக்கடலை, பருப்பு, கோழிக் குழம்பு, சூப் எல்லாம் பிரமாதமாக இருக்கும். ஓட்ஸில் கொதிநீர் ஊற்றி மூடினால் தானாகவே வெந்துவிடும், அடுப்பே வேண்டாம். இதே மாதிரி பயறு வகைகளையும் ஃபிளாஸ்க்கிலேயே வேக வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், ராஜ்மாவை மட்டும் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வேகாத ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது, ஊற வைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கக் கொதிக்க வேக வைத்தால்தான் அது போகும். ஃபிளாஸ்க்கின் சூடு அதற்குப் போதாது.

இன்னொன்று, மூடி. உள்ளே இருக்கும் ஆவி ஆறி நீராகும்போது அழுத்தம் குறைந்து, மூடி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். முதல் வாரம் இரண்டு கையாலும் திருகியும் திறக்க முடியாமல் ஒரு நாள் சாப்பிடாமலே இருந்தேன். என்னுடையதில் மூடியின் நடுவில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது, அதை அமுக்கினால் காற்று உள்ளே போய் லேசாகத் திறக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்தப் பொத்தான் இல்லாத ஃபிளாஸ்க்கை வாங்க வேண்டாம்.

சமையலைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் வாரம் முழுக்கச் சமைத்து வைக்கிற முறை எனக்கு ஒத்துவரவில்லை. சமைத்த உணவு ஃபிரிட்ஜில் 3 அல்லது 4 நாள்தான் தாங்கும், வெள்ளிக்கிழமை வரை இழுப்பது சரியில்லை. ஞாயிறு இரவு ஒரு முறை, புதன் இரவு ஒரு முறை என்று பிரித்துக்கொண்டேன். சமைத்ததைப் பெரிய பாத்திரத்திலேயே விடாமல் அகலமான தட்டங்களில் பரப்பினால் சீக்கிரம் ஆறும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விடும். காலையில் ஃபிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றி வைத்துவிட்டு, அது சூடாகும் நேரத்தில் சாப்பாட்டை அடுப்பில் ஏற்றி நன்றாகக் கொதிக்க விடுகிறேன். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம்.

சரி, இனி அந்தச் சின்ன டப்பா. செட்டோடு வந்ததே என்று இரண்டு வாரம் அலமாரியில் கிடந்தது. இப்போது என்னிடம் கேட்டால், மூன்றில் என் சாப்பாட்டை உண்மையில் மாற்றியது இதுதான். ஃபிளாஸ்க் மதியத்தைச் சரிசெய்தது, ஆனால் என் மதியம் அவ்வளவு மோசமாக இருந்ததே இல்லை. ஓட்டை இருந்தது ஐந்து மணியில்.

முதலில் தப்பாகத்தான் நிரப்பினேன். நல்ல கொழுப்பு, நல்ல புரதம் என்று பாதாமும் நிலக்கடலையும் டப்பா நிறைய. ஐந்தரைக்குச் சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குக் குனிந்து எடை எடுத்தால் எல்லாம் நெஞ்சுக்குழியில் நிற்கிற மாதிரி இருந்தது. கொழுப்பும் நார்ச்சத்தும் இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவை உடம்புக்கு நல்லவைதான், ஆனால் அந்த நேரத்துக்கு உரியவை இல்லை. எடை தூக்கும்போதும் வேகமாக ஓடும்போதும் தசைகள் பெரும்பாலும் செலவழிப்பது கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைத்தான். பயிற்சிக்கு 1 முதல் 4 மணி நேரம் முன்பு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு ஊட்டச்சத்து வழிகாட்டுதல்களில் இருக்கும் அளவு. நீண்ட நேரம் கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களை மனதில் வைத்துச் சொன்னது அது, பயிற்சி நெருங்க நெருங்க அளவும் குறைய வேண்டும். நான் செய்வது ஒரு மணி நேரப் பயிற்சி, 68 கிலோ எடை, ஆகவே கீழ் அளவை ஒட்டியே எனக்குப் போதும்.

இப்போது டப்பாவுக்குள் போவது வேக வைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அல்லது இரண்டு துண்டு ரொட்டியும் நான்கைந்து பேரீச்சம்பழமும். கூடவே தோலோடு ஒரு வாழைப்பழம், அது டப்பாவுக்கு வெளியே. கிழங்கு எடுத்துப் போகிற நாளில் ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன், ரொட்டியும் பேரீச்சையும் மேசையிலேயே இருக்கலாம். ஐந்தேகாலுக்குச் சாப்பிட்டுவிடுவேன். மூன்றாவது வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. கடைசி செட் வரை கை நின்றது. அதைவிடப் பெரிய மாற்றம், வீட்டுக்கு வரும்போது பசி இருந்தது, வெறி இல்லை. சமைத்து வைத்திருப்பதைச் சூடுபடுத்தி உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட முடிந்தது. ஐந்து மணிக் காபியும் தானாக நின்றுபோனது. காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதாவது அந்தக் காபியில் பாதி இரவு பத்து மணிக்கும் எனக்குள் இருந்திருக்கிறது. தூக்கம் சரியில்லை என்று வேறெதையெல்லாமோ குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புரதம் பற்றிக் கேட்பீர்கள். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடித்தே ஆக வேண்டும் என்று ஜிம்மில் ஷேக்கரோடு அவசரப்படுகிறவர்களைப் பார்த்து நானும் பதறியிருக்கிறேன். அவ்வளவு அவசரம் தேவையில்லை, நாள் முழுக்கச் சேரும் மொத்த அளவுதான் முக்கியம். பயிற்சி செய்கிறவர்களுக்குக் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் என்றால் எனக்கு 95 முதல் 136 கிராம். இதை ராத்திரி ஒரே வேளையில் திணிக்காமல் நான்கு வேளையாகப் பிரித்தால் தலா 25 கிராம் சுலபமாக வந்துவிடும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் சுமார் 9 கிராம் என்ற இரண்டு கணக்கை மட்டும் நினைவில் வைத்தாலே ஃபிளாஸ்க்கில் எவ்வளவு போட வேண்டும் என்பது பிடிபடும்.

பை ரொம்பச் சுமார். உள்ளே பளபளவென்று இருக்கிறதே தவிர, திணிப்பு மெல்லியது. ராத்திரி முழுக்க ஃபிரீசரில் உறைந்த ஜெல் பேக்கை வைத்தும் பதினொன்றரைக்கெல்லாம் அது தண்ணீராகிவிடும். தயிரோ முட்டையோ மாலைக்கென்று இதை நம்பி வைக்கக்கூடாது. அவற்றை மதியத்துக்கு, அதுவும் ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைத்துச் சாப்பிடுகிறேன். ஜிப் நான்காம் மாதம் போய்விட்டது. இப்போது சாதாரணத் துணிப்பைதான்.

கோபம் வந்தது ஒரே ஒரு விஷயத்தில். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம், வாஷர் என்போமே, அது ஆறாம் மாதம் ஓரத்தில் கிழிந்தது. ஒரு நாள் பருப்பெல்லாம் பைக்குள் கொட்டி லேப்டாப் சார்ஜர் வரை போனது. விற்றவர்களிடம் புது வாஷர் கேட்டால், முழு மூடியாகத்தான் தருவோம் என்றார்கள், அது வரவும் மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் கையில் ஆறிப்போன சாப்பாடு. இவ்வளவு உறுதியான ஸ்டீலைச் செய்துவிட்டு, ஒரு ரப்பர் வளையத்தைத் தனியாகத் தர மாட்டேன் என்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. வாஷரை வாரம் ஒரு முறை கழற்றிக் கழுவுங்கள், வாடை எல்லாம் அதன் அடியில்தான் தங்கும். ஃபிளாஸ்க்குக்குள் வாடை அடித்தால் சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி ராத்திரி வைத்தால் போதும், குளோரின் பிளீச் ஊற்றினால் ஸ்டீல் அரித்துவிடும்.

ஆபீஸில் மைக்ரோவேவும் ஃபிரிட்ஜும் ஒழுங்காக இருக்கிறவர்கள் இந்த செட்டுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை, மூடி இறுகும் ஒரு சின்ன டப்பா மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியில் அலைகிற வேலை, சூடுபடுத்த வழியே இல்லை என்றால் ஃபிளாஸ்க் நிச்சயம் வேண்டும். கடையில் வாங்கினால் வீட்டில் நீங்கள் சாப்பிடும் ஸ்பூனைக் கொண்டுபோய் அடி வரை எட்டுகிறதா என்று பாருங்கள், அப்புறம் வாஷர் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், கிடைக்கும் என்றால் அன்றைக்கே ஒன்று சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.