சீசரும் ஒரு ‘பூவா’வும்: பயிற்சி பெற்ற ராட்வீலரோடு 16 மாதம்

கோயமுத்தூர் நண்பன் போன வாரம் போனில் கேட்டான். அவனோடு வேலை பார்ப்பவர் மஸ்கட் போகிறாராம். நாலு வயது டோபர்மேன், எல்லாப் பயிற்சியும் முடித்தது, காசு வேண்டாம், நாய் வளர்த்துப் பழகிய கையாக இருந்தால் போதும் என்கிறாராம். "உங்கிட்டயும் இப்படித்தானே ஒருத்தன் வந்தான், எப்படி இருக்கான்?" என்றான். "தங்கமா இருக்கான், தாராளமா வாங்கு" என்று சொல்லிவிட்டேன்.

அது போன வாரம். இன்றைக்குக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். இன்று சென்னையில் என் மச்சினன் மகளுக்குக் கல்யாணம். வீட்டில் எல்லோரும் நேற்று ராத்திரியே ரயில் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் உடுமலைக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பில், 47 கிலோ எடையுள்ள ஒரு காவல் நாய்க்குக் காவலாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாய் எனக்குப் புதிதல்ல. அப்பா காலத்தில் இராஜபாளையம் இருந்தது. வெள்ளையாக, மூக்கு ரோஸ் நிறத்தில். ஒரே ஆளுக்குத்தான் அடங்கும். அப்பா இறந்த பிறகு அது எங்கள் யாரையும் மனிதர்களாகவே மதிக்கவில்லை. அப்புறம் நான் வளர்த்தது இரண்டு கோம்பை. கடைசிக் கோம்பை செத்ததுதான் இந்தக் கதைக்கு ஆரம்பம். பக்கத்தில் மக்காச்சோளம் போட்டிருந்த இடத்தில் எலிக்கு மருந்து தடவி வைத்த வடையைத் தின்றுவிட்டது. சிங்க் பாஸ்பைடு. அதற்கு மாற்று மருந்து கிடையாது. கால்நடை ஆஸ்பத்திரி வாசல் வரை மடியில் கிடந்தது, உள்ளே போகவில்லை. வடை வைத்தவர்மேல் என்ன குறை சொல்வது? நானும்தான் வைக்கிறேன். தீனி கண்ட இடத்தில் வாய் வைக்காத நாய் வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்தது அப்படியே கிடைத்துவிட்டது. அதுதான் இப்போது பிரச்சினை.

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் போட்டது. அதில் ராட்வீலரும் உண்டு. உயர் நீதிமன்றங்களில் அந்தக் கடிதம் நிற்கவில்லை. ஆனால் மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின. அதற்கப்புறம் அடுக்குமாடியில் இந்த நாய் வைத்திருந்தவர்கள் பாடு சொல்லவே வேண்டாம். செல்லப் பிராணி வளர்க்கக் கூடாதென்று குடியிருப்போர் சங்கம் சொல்ல முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. சொல்லி என்ன? லிப்டில் ஏறும்போதெல்லாம் பக்கத்து வீட்டு அம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டால் எத்தனை நாள் தாங்கும்? அந்த அம்மாவையும் தப்புச் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு கோவைக் குடும்பம் நொந்துபோய்த் தெரிந்தவர் மூலம் என்னிடம் வந்தது. மூன்றரை வயது ஆண். ஐந்து மாதம் பயிற்சியாளரை வைத்துப் பழக்கியது. தடுப்பூசி அட்டை, கே.சி.ஐ. என்கிற இந்திய கென்னல் கிளப்பின் சான்றிதழ், வாய்க்கூடு, கயிறு, மெத்தை, சாப்பாட்டுத் தட்டு என்று சீர்வரிசை மாதிரி கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த வீட்டுப் பையன் காரை விட்டு இறங்கவே இல்லை. நானும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கட்டளை எல்லாம் ஜெர்மன். சிட்ஸ் என்றால் உட்காருவான், பிளாட்ஸ் என்றால் படுப்பான், அவுஸ் என்றால் வாயில் எது இருந்தாலும் விடுவான். அந்த ‘அவுஸ்’ஸை அவர்கள் முன்னாலேயே ஐந்தாறு தடவை சொல்ல வைத்துப் பார்த்தபிறகுதான் கையில் கயிற்றை வாங்கினேன். கடிக்கப் பழக்கிய நாயிடம் ‘விடு’ வேலை செய்யாவிட்டால் மற்ற வித்தை எதற்கும் மதிப்பில்லை. இந்த மட்டும் புத்தியாகத்தான் நடந்துகொண்டேன்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். வந்த இரண்டாம் மாதம் ஒரு புரோக்கர் திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்துப் பூமியில் பிளாட்ஸ் போடப் போகிறார்கள், நீங்களும் கொடுத்தால் பிளாட்ஸ் என்ன விலைக்குப் போகும் தெரியுமா என்று பேசிக்கொண்டிருந்தார். அவர் பிளாட்ஸ் என்னும்போதெல்லாம் சீசர் பொத்தென்று படுத்தான். நான் கூப்பிட எழுந்தான். மறுபடி பிளாட்ஸ், மறுபடி பொத். "நாய்க்கு ஒடம்புக்குச் சேரலைங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் சீக்கிரமே கிளம்பிப் போனார். இந்த 16 மாதத்தில் அவன் விரட்டிய ஒரே ஆள் அவர்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் ராத்திரி ராகிக் களியும் வேகவைத்த கோழியும் பிசைந்து அவனுடைய தட்டிலேயே வைத்தேன். உட்கார்ந்தான். தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாயின் இரண்டு ஓரத்திலும் எச்சில் நூல்போல இறங்கி, தரையில் சின்னத் தட்டு அளவுக்குத் தேங்கியது. வாய் மட்டும் வைக்கவில்லை. "சாப்புடு", "தின்னு", "எடுத்துக்கடா சாமி" என்று தெரிந்த தமிழ் அத்தனையும் சொன்னேன். பழைய வீட்டை நினைத்து ஏங்குகிறான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். கைமாறி வந்த நாய் முதல் சில நாள் சாப்பிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஏக்கம் பிடித்த நாய் தட்டுப் பக்கமே வராது. இவன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அருவி மாதிரி வடிக்கிறான். மூன்றாம் நாள் ராத்திரி வெட்கத்தை விட்டுக் கோவைக்குப் போன் போட்டேன். அந்தப் பையன்தான் எடுத்தான்.

"அங்கிள், பூவா சொன்னீங்களா?"

"என்னது?"

"பூவா, அங்கிள். நான் சின்னதுல அப்படித்தான் சொல்வேனாம். ட்ரெய்னர் அதையே வச்சுக்கச் சொல்லிட்டாரு. வெளியாளுக்குத் தோணாதில்ல."

ஆள் சொன்னது வாஸ்தவம். யாருக்குத் தோணும்? கயிறு, மெத்தை, சான்றிதழ் எல்லாம் கொடுத்தவர்கள் அந்த ஒரு வார்த்தையைக் கொடுக்க மறந்துவிட்டார்கள். 52 வயதில், மீசை வைத்துக்கொண்டு, தேங்காய் உரிக்கிற ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, தட்டுக்கு முன்னால் நின்று "பூவா" என்றேன். ஒரு நிமிஷம் ஆகவில்லை, தட்டு காலி. அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை பூவா. தோப்பு வேலைக்கு வருகிறவர்கள் எனக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் இதில் எனக்குச் சந்தோஷமும் உண்டு. போன தை மாதம் வீட்டில் விசேஷம். கிடா வெட்டிச் சமையல், நூறு பேர் பந்தி. குழந்தைகள் அவன் முன்னால் எலும்பைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். காலடியில் எட்டுப் பத்து எலும்பு கிடந்தது. இரண்டு மணி நேரம் அசையவில்லை, ஒழுகியதோடு சரி. ராட்வீலர் என்பது ஜெர்மனியில் ராட்வைல் ஊர்க் கசாப்புக்காரர்கள் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய். கறிக்கடையிலேயே வளர்ந்த வம்சம், கறி எலும்பைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எலி வடை வைத்த இடத்தில் இவனைக் கூடவே கூட்டிக்கொண்டு நடக்கிறேன், மோந்து பார்த்துவிட்டு என் பின்னாலேயே வந்துவிடுவான். அப்போதெல்லாம் அந்தக் கோம்பை ஞாபகம் வரும்.

ஆனால் பாதிப் பூட்டுதான் அந்த வார்த்தை. மீதிப் பூட்டு ஆள். முதல் தடவை பூவா சொன்னது நான் என்பதால் நான் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டான். வீட்டுக்காரம்மா சொன்னால் என் முகத்தைப் பார்க்கிறான். என் மகள் என் குரலிலேயே சொல்லிப் பார்த்தாள், கொட்டாவி விட்டான். போனில் ஸ்பீக்கர் போட்டு வெளியிலிருந்து நான் சொன்னேன். போனுக்குப் பின்னால் போய்த் தேடிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டானாம்.

நாய்தானே, இரண்டு நாள் பட்டினி கிடந்தால் என்ன என்று நானும் நினைத்தேன். போன ஆவணியில் திருப்பதி போனோம், மூன்று நாள். தண்ணீர் குடித்தான், தீனி தொடவில்லை. திரும்பி வந்ததும் பாவம் பார்த்து வழக்கத்தைவிட ஒரு கை அதிகமாகப் பிசைந்து வைத்தேன். மென்றானா என்றே தெரியாது, அப்படியே விழுங்கினான். ஒரு மணி நேரத்தில் வயிறு தவில் மாதிரி உப்பிக்கொண்டது. வாந்தி எடுக்க முக்குகிறான், நுரைதான் வருகிறது. நிற்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. இதைப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் சில மணி நேரத்தில் உயிர் போகும், ஆபரேஷன்தான் வழி. எங்கள் நல்ல காலம், முறுக்கவில்லை, காற்றுதான். டாக்டர் வாய் வழியே குழாய் விட்டு இறக்கினார். ராத்திரி ஒரு மணிக்குக் கிளினிக் தரையில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். மொட்டைத் தலையும் திருமண்ணுமாக. "இனிமே ரெண்டு மூணு வேளையாப் பிரிச்சுக் குடுங்க, சாப்பிட்டதும் ஓட விடாதீங்க, பட்டினியும் போடாதீங்க" என்றார். கடைசியாகச் சொன்னது எனக்குப் போட்ட விலங்கு.

பழக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். தட்டில் நானும் வீட்டுக்காரம்மாவும் ஆளுக்கொரு கை பிடித்து, அவளைப் பூவா சொல்ல வைத்து ஆரம்பித்தோம். ஐந்து மாதத்தில் நான் பக்கத்தில் நின்றால் அவள் சொல்லுக்குச் சாப்பிடுகிற அளவுக்கு வந்தான். பிறகு தினம் ஓரடி ஈரடியாக நான் பின்வாங்கினேன். இப்போது மாட்டுக் கொட்டகைத் தூண் வரை போகலாம், முப்பது அடி. அதைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால் தட்டிலிருந்து தலையைத் தூக்கிவிடுகிறான். மென்றுகொண்டிருந்ததைக்கூட நிறுத்திவிடுகிறான். "ஏனுங்க, எங்கிட்ட என்ன வெசமா இருக்குது?" என்று அவள் ஒருநாள் தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். 16 மாதமாக அவனைக் குளிப்பாட்டுவதும் உண்ணி எடுப்பதும் அவள்தான். கோபம் வராமல் என்ன செய்யும்? ஒரு பயிற்சியாளரைக் கேட்டேன். ஒரு மாதம் தன்னிடம் விடச் சொன்னார். விட்டால் அவர் கைக்குப் பழகிவிடுவான், அப்புறம் அவரையும் வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மற்றதெல்லாம் தெரிந்த கதைதான். கறுத்த உடம்பு, வெயில் ஆகாது. சித்திரையில் பகல் முழுக்கத் தொட்டித் தண்ணீரில் கிடப்பான். குறட்டை பம்ப்செட் மாதிரி. தடவிக் கொடுத்தால் தொண்டைக்குள் உறுமுவான், புது ஆட்கள் அதைக் கோபம் என்று நினைத்து ஓடுவார்கள். பாலுக்கு வருகிற பையனிடமோ தபால்காரரிடமோ ஒரு தடவைகூட வம்பு வைத்ததில்லை. செலவு, தீனியும் மருந்துமாக மாதம் ஏழாயிரத்துக்குக் குறையாது.

ஆக, நண்பா, அந்த டோபர்மேனை வாங்காதே. நாய் நல்ல நாயாகத்தான் இருக்கும், அதுதான் பயம். வாங்கித்தான் தீருவேன் என்றால், மஸ்கட் போகிறவரைக் குடும்பத்தோடு இரண்டு நாள் உன் வீட்டில் தங்க வை. எந்த வார்த்தைக்கு எது செய்யும் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து வீடியோ எடுத்துக்கொள். சாப்பாட்டு வார்த்தை எது, யார் சொன்னால் தின்னும் என்பதை முதல் கேள்வியாகக் கேள். முதல் வேளையே நீயும் உன் வீட்டிலிருக்கிற எல்லோரும் மாற்றி மாற்றிப் போடுங்கள். பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டாய். போன வாரம் 9. இன்றைக்கு 4. தாலி கட்டும்போது வீட்டுக்காரம்மா வீடியோ காலில் காட்டினாள். யாரோ பின்னாலிருந்து "மாப்பிள்ளை ஏன் வரலை?" என்று கேட்டதும், "நாய்க்குச் சோறு வைக்கோணும்னு இருந்துட்டார்" என்று அவள் சொன்னதும், அப்புறம் வந்த சிரிப்பும் நன்றாகவே கேட்டது. அந்த மார்க்கில் அதற்கே 3 போய்விட்டது.

மணி ஏழரை ஆகிறது. எனக்கு மத்தியானத்து ரசம் இருக்கிறது. அவனுக்குக் களி ஆறிவிட்டது, கோழி பிய்த்துப் போட்டாயிற்று. திண்ணையில் உட்கார்ந்து வடிக்கிறான். தட்டை வைத்துவிட்டு, இன்றைக்குத்தான் யாரும் இல்லையே என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

மோட்டார் நிறுத்தப் போயிருந்த ஆள் வரப்பிலிருந்து குரல் கொடுத்தான்: "எனக்குங்களாண்ணா?"